மொட்டை மரத்தில் பூமாலை

சேசு மரி துணை

மேஸ் ஆற்றங்கரையில் நம் ஊர்,
ஆண்டவர் பிறந்த 1456ஆம் வருடம்,
மெழுகுதிரித் திருநாளுக்கு மறுநாள்.

அன்புள்ள அண்ணன் தெமான்ஷுக்கு,

உன் தங்கை அலிசோன் சொல்லச் சொல்ல, நம் பங்குச் சாமியார் கோபேர் எழுதும் கடிதம். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் உயிரோடு இருக்கிறாய் என்பதைப் போன வாரம்தான் தெரிந்துகொண்டேன். இருபத்தைந்து வருடமாக உனக்காக மரித்தோர் பூசை வைப்பதா, சுகத்துக்கு வேண்டிப் பூசை வைப்பதா என்று தெரியாமல் இரண்டும் வைத்துக்கொண்டிருந்தேன்.

மேலே சாமியார் "சேசு மரி" என்று எழுதியிருக்கிறார். போருக்குப் போன நம் ழானெத்தின் கொடியிலும் அதே இரண்டு பெயர்கள்தான் இருந்தன என்று நீதான் வந்து சொன்னாய். உனக்கு வாசிக்கத் தெரியாது. யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்வாய். அப்படி வாசிக்கிற புண்ணியவானிடம் எனக்கு ஒரு விண்ணப்பம்: காதோடு காதாக வாசிக்க வேண்டாம். கயிற்றுப் பட்டறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசியுங்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பா இறந்து பதினெட்டு வருடமாகிறது, அம்மா அதற்கு அடுத்த வருடம். நான் கிரூ ஊர் வோத்ரனைக் கட்டிக்கொண்டேன். நல்ல மனுஷன், குறட்டைதான் தாங்காது. பிள்ளைகள் நால்வரில் இருவர் தங்கினார்கள். நீ நட்ட பேரிக்காய் மரம் போன வருடப் புயலில் சாய்ந்துவிட்டது. அதன் விறகைத்தான் இப்போது சாமியார் குளிர்காய எரித்துக்கொண்டிருக்கிறோம்.

நீ இருக்கிற இடம் எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். சூனியக்காரி என்று எரித்த நம் ழானெத்தின் வழக்கை மறுபடி விசாரிக்க ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. அவளைப் பெற்றவள் பாரீசுக்குப் போய், கோவிலில் அத்தனை பெரியவர்கள் முன்னால் அழுது கேட்டாளாம். அதற்காக விசாரணைக்காரர்கள் நம் ஊருக்கு வந்தார்கள். அவர்களுடைய மூட்டை சுமந்த கழுதைகளோடு பெரோன் என்று ஒருவன் வந்தான், ஓர்லியான்காரன். எங்கள் கொட்டிலில்தான் தங்கினான். நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, "இந்த இழுவைப் பேச்சை எங்க ஊர்லயும் ஒரு ஆளு பேசுவாரும்மா. ஆத்தோரத்துல கயிறு திரிக்கிறாரு. திக்குவாயி. இடது காதுல ஒரு வெட்டு" என்றான். கையில் இருந்த பால் செம்பை நான் கீழே வைத்துவிட்டேன்.

அவன் மேலே சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "மே எட்டாந்தேதி எங்க ஊரே தெருவுல நிக்கும். இங்கிலீஷ்காரன் எங்க கோட்டையச் சுத்திப் போட்ட முற்றுகைய அந்தப் பொண்ணு ஒடைச்ச நாளு. ஆளுக்கொரு திரி ஏத்திக்கிட்டுப் பாலம் வரைக்கும் போவோம். இவரு மட்டும் பட்டறையைச் சாத்திக்கிட்டுச் செவத்தப் பாத்து உக்காந்திருப்பாரு. இங்கிலீஷ்காரனுக்குப் பொறந்தவனாடான்னு பசங்க கேலி பண்ணுவாங்க. அதுக்கும் வாயத் தொறக்க மாட்டாரு" என்றான்.

ழானெத்தின் பெயரைச் சொன்னாலே முகம் மலர்கிறவன் நீ. உனக்கு வாய் திக்கும்போது ஊரில் எல்லோரும் உன் வார்த்தையைப் பிடுங்கி முடித்துவிடுவோம், நான் உட்பட. நீ ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்கிற வரை பொறுமையாக நிற்கிறவள் அவள் ஒருத்திதான். அவளுக்காக ஊரே நடக்கிற நாளில் நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய். அந்தச் சுவரைக் கட்டியவள் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பனிக்காலம் நினைவிருக்கிறதா? அவளைப் பர்கண்டிக்காரர்கள் பிடித்து, இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்ட பிறகு வந்த பனிக்காலம். சாந்நிக்கோலா கோவிலுக்கு நேர்ச்சை செலுத்தப் போவதாகச் சொல்லி ஒரு ஆள் நம் வீட்டில் இரண்டு நாள் தங்கினான். ழானெத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவனுக்குக் கண் கலங்கியது. அவள் சின்ன வயதில் விளையாடிய மரத்தைப் பார்க்க வேண்டும் என்றான். நீதான் பனியில் கூட்டிக்கொண்டு போய்ச் சீமாட்டிகள் மரத்தைக் காட்டினாய். வழியில் ஊர்ப் பெரியவர் கொலார் பார்த்தார், ஆற்றில் துணி துவைத்த பெண்கள் பார்த்தார்கள். ஊரே பார்த்தது.

அடுத்த கோடையில் ரூவான் பக்கமிருந்து ஒரு சந்நியாசி வந்தார். அவளை எரித்துவிட்டார்கள் என்ற சேதியை அவர்தான் கொண்டுவந்தார். குற்றப் பத்திரிகையில் என்ன இருந்தது என்றும் சொன்னார். வனதேவதைகள் ஆடுகிற மரம், அதில் மாலை போட்டாள், ஊற்றுத் தண்ணீர் குடித்தாள், ஆகவே சூனியக்காரி.  நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாட்டு அவ்வளவு தூரம் எப்படிப் போனது என்று யோசித்தோம். பனிக்காலத்தில் வந்தவன் இங்கிலீஷ்காரர்களின் வேவுக்காரன் என்று புரிந்த மறுநிமிடம் எல்லோர் கண்ணும் உன் பக்கம் திரும்பியது. "மரத்தக் காட்டிக் கொடுத்தவன்" என்று கொலார் சொன்னார். அப்பா உன்னோடு பேசுவதை நிறுத்தினார். நீயும் அதை நம்பினாய். "நா... நான்தான் காட்டினேன், அலிசோன்" என்று என்னிடம் எத்தனை தடவை சொன்னாய். நான் வாய் திறக்கவில்லை. அறுவடை முடிந்த ஒரு காலையில் நீ பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனவன்தான்.

அண்ணா, நீ காட்டியது பனிக்காலத்து மரம். ஒரு இலை கூட இல்லாத மொட்டை மரம். அதில் பூமாலை தொங்கியதா? அப்பம் தொங்கியதா? ஊற்று பனிக்கட்டியாய்க் கிடந்தது. அந்த ஆள் உன்னிடம் கேட்டதற்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "ந... நல்ல நிழல்" என்று சொல்லியிருப்பாய். அவ்வளவுதான்.

மற்றதையெல்லாம் சொன்னவள் நான்.

(சாமியார் இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்துபோய் அடுப்பில் விறகைத் தள்ளினார். வெகுநேரம் தள்ளினார். பிறகு உட்கார்ந்து, "சொல்லும்மா" என்றார். இதையும் எழுதச் சொல்லிவிட்டேன்.)

நீ கொட்டிலுக்குப் போயிருந்தாய். அவனுக்கு நான் கூழ் ஊற்றினேன். எனக்குப் பதினெட்டு வயது. எங்களோடு நூல் நூற்றவள் ராஜாவுக்கு முடிசூட்டி வைத்திருக்கிறாள். அதைக் கேட்க வெளியூர் ஆள் ஒருவன் எங்கள் அடுப்படியில் கண்கலங்கி உட்கார்ந்திருக்கிறான். பெருமை தலைக்கேறிவிட்டது. தவக்காலத்து நாலாம் ஞாயிறு, நம் ஊற்று ஞாயிறு, அன்றைக்கு அம்மாமார் சின்ன அப்பம் சுட்டுத் தருவார்கள், மரத்தடியில் சாப்பிடுவோம், ஊற்றில் குடிப்போம், கிளையில் மாலை போடுவோம் என்றேன். அந்தத் தண்ணீரில் காய்ச்சல் போகும் என்றேன். அந்தக் காலத்தில் வனதேவதைகள் அங்கே ஆடினார்களாம் என்று கிழவிகள் கதையையும் சேர்த்துவிட்டேன். "எங்க ஊரு லேசுப்பட்ட ஊரு இல்லீங்க" என்றும் சொன்னேன். அவன் ஒன்றையும் எழுதவில்லை, தலையை ஆட்டியபடி இரண்டு கிண்ணம் குடித்தான். மூன்றாவது வேண்டுமா என்று கேட்டவள் நான்.

பொய் ஒன்றும் சொல்லவில்லையே, அதனால் பாவமில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அப்படியே இருக்கட்டும். ஆனால் உன் முதுகில் அது ஏறியபோது பார்த்துக்கொண்டு நின்றேனே, அதற்கு என்ன நியாயம்? பயம்தான். இத்தனை ஈஸ்டர் பாவசங்கீர்த்தனத்தில் பூனையை உதைத்ததைக் கூடச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை.

இப்போது விசாரணைச் சேதி. அதிகாரிகள் வருவதற்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் கொலார் எல்லோரையும் நிறுத்தினார். இப்போது அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. "மரத்தப் பத்தி எவனும் மூச்சு விடக் கூடாது. தெரியாது, பாக்கல, போகல. அவ்வளவுதான். நம்ம வாயாலதான் அந்தப் புள்ள போச்சு. மறுபடியும் வாயக் குடுத்து அவ பேரையும் எரிச்சிராதீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தெமான்ஷ் தங்கச்சி, ஒனக்குத்தான் முக்கியமாச் சொல்றேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்த ஊரில் இருபத்தைந்து வருடமாக என் பெயர் அதுதான்.

விசாரணை சாமியார் வீட்டில் நடந்தது. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் பனியில் வரிசையாக நின்றார்கள். ஏர் பிடித்த கை, பன்றி மேய்த்த கை, எல்லாம் சுவிசேஷப் புத்தகத்தைத் தொடப்போகிறது. எனக்குப் பிரமிப்பு தாங்கவில்லை, அண்ணா. வயலில் மணிச் சத்தம் கேட்டால் அப்படியே மண்டியிடுவாளே, "ஏ ழானெத், மாடு பட்டாணிக்குள்ள பூந்துருச்சு, அப்புறம் கும்புடு" என்று கேலி செய்வோமே, அவள்தான். எழுதப் படிக்கத் தெரியாதவள். அவள் எத்தனை தடவை கோவிலுக்குப் போனாள், எப்படி நூல் நூற்றாள், எந்த ஏழைக்குத் தன் படுக்கையைக் கொடுத்தாள் என்று கேட்டு எழுதிக்கொள்ள, எழுதுகிற ஆட்டுத்தோல் கட்டுகளோடு ரோமாபுரிப் பரிசுத்த பிதாவின் ஆட்கள் நம் சேற்றில் நடந்து வருகிறார்கள். பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போய், பத்தொன்பதுக்குள் எல்லாம் முடிந்துபோனது. தளபதிகளுக்கு முடியாததை இரண்டு வருடத்துக்குள் செய்துவிட்டாள். எனக்கு இன்றுவரை அது பிடிபடவில்லை. புனிதவதி, அர்ச்சியசிஷ்டவள் என்று சொல்ல வாய் வருகிறது. திருச்சபை சொல்லாமல் நாம் சொல்லக் கூடாது என்று சாமியார் அதட்டுகிறார். சரி, சொல்லவில்லை.

என் முறை வந்தது. புத்தகத்தில் கை வைத்தேன். அவள் அப்பா அம்மா, ஞானஸ்நானம், நடத்தை என்று கேட்டுக்கொண்டே வந்து, "மரத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்றார்கள். வெளியே கொலார் நிற்கிறார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்போது அந்தச் சந்நியாசி அன்றைக்குச் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. ரூவானில் நீதிபதிகள் இதே கேள்வியை அவளிடம் கேட்டார்களாம். "அவ மறைக்கலம்மா. போனேன், மத்த புள்ளைங்களோட மாலை கட்டினேன்னு நேராச் சொன்னா. அது தன்னை எங்க கொண்டுபோயி விடும்னு தெரிஞ்சும் சொன்னா" என்று அவர் அழுதார். கால்விலங்கோடு, தனியாக, அவ்வளவு படித்தவர்கள் நடுவில் அந்தப் பெண் மறைக்காததை, சாமியார் வீட்டு அடுப்பின் கதகதப்பில் உட்கார்ந்துகொண்டு நான் மறைப்பதா என்று தோன்றியது.

சொல்லிவிட்டேன். "போனோம் ஐயா. எல்லாரும் போனோம். அவளும் வந்தா. அப்பம் சாப்புட்டோம், ஊத்துல தண்ணி குடிச்சோம், மாலை போட்டோம்" என்றேன். அந்தக் கூழ் கிண்ணத்தின் முன்னால் சொன்ன அதே வார்த்தைகள். எழுத்தரின் இறகு ஆட்டுத்தோலில் கீறுகிற சத்தம் கேட்டது.  நரைத்த தலை அதிகாரி ஒருவர், அப்பம் எவ்வளவு பெரியது என்று கேட்டார். உள்ளங்கையைக் காட்டினேன். மேலே சிலுவை கீறுவோம் என்றேன். அவர் சிரித்தார். "எங்க ஊர்லயும் உண்டு. எங்கம்மா ரெண்டு கீறல் கூடவே போடுவாங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, "சின்னப் பிள்ளைங்க விளையாட்டு, எழுதிக்கங்க" என்றார். அவ்வளவுதான், அண்ணா. ஒரு இடத்தில் அவளுக்கு விறகாய்ப் போன வார்த்தை, இன்னொரு இடத்தில் பிள்ளை விளையாட்டு ஆகிவிட்டது. மரமும் மாறவில்லை, அப்பமும் மாறவில்லை. கேட்டவர்கள்தான் வேறு. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுகையோடு அழுகையாக, அந்த ஆளிடம் இதைச் சொன்னது நான்தான், என் அண்ணன் இல்லை, அதையும் எழுதுங்கள் என்றேன். எழுத்தர் இறகைத் துடைத்து வைத்துவிட்டார். "அது கேள்வில இல்லம்மா. அடுத்த ஆளக் கூப்புடுங்க" என்றார்.

வெளியே வந்தேன். "மரத்தச் சொன்னியா?" என்றார் கொலார். சொன்னேன் என்றேன். "அண்ணன் புத்தி எங்க போகும்" என்று துப்பினார். அங்கேயே, எல்லோர் முன்னாலும், அது என் புத்தி, அவன் புத்தி இல்லை என்று முழுதையும் கொட்டினேன். யாரும் நம்பவில்லை. "பாவம், கூடப் பொறந்தவன காப்பாத்தப் பாக்குறா" என்றாள் ஒருத்தி. "அவன் இருக்கானோ செத்தானோ, இப்ப எதுக்கும்மா இது?" என்றாள் இன்னொருத்தி. நான் பொய் சொல்லாமல் மறைத்தபோது நம்பியவர்கள், உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. கோபத்தில் கொலாரின் மேலங்கியைப் பிடித்து, "பனியில மொட்டை மரத்தத்தான காட்டினான்? நீங்கதான பாத்தீங்க? அதுல பூமாலை தொங்குச்சா, சொல்லுங்க" என்று கத்தினேன். அவர் என் கையை எடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு இடத்தில் எழுதவில்லை, இன்னொரு இடத்தில் நம்பவில்லை. அதனால்தான் இங்கே எழுதச் சொல்கிறேன். நீயாவது நம்பு. ராஜாவின் முடிசூட்டைப் பார்க்கப் போன ரேம்சிலிருந்து நீ திரும்பி வந்து மூன்று நாள் ஓயாமல் பேசினாயே, உன் ஆயுளிலேயே அவ்வளவு பேசியதில்லை. கூட்டத்தில் நின்று நம் ஊர்ப் பெயரைத் திக்காமல் ஒரே மூச்சில் கூவினேன், அவள் குதிரை திரும்பியது என்றாய். அந்த மூன்று நாள் பேசியவனை எனக்குத் திருப்பிக் கொடு. நீ அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு மரத்தின் நிழலை மட்டும்தான் காட்டினாய், அதுவும் நிழல் இல்லாத நாளில்.

அவளைப் பெற்றவள் உன் ஊரில்தான் இருக்கிறாளாம். தெருவில் கண்டால் ஒதுங்கிப் போகிறாயோ? இனி ஒதுங்காதே. கும்பிட்டு, நம் ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தை பேசு. திக்கினாலும் பரவாயில்லை, அந்த வீட்டுக்காரர்கள் பொறுமையாகக் கேட்பவர்கள். அவளுக்குத் தெரிய வேண்டியதை, என் பெயரைச் சொல்லியே சொல்லிவிடு.

பெரோன் நாளைக் காலை கழுதைகளை ஓட்டிக்கொண்டு புறப்படுகிறான். கடிதத்தோடு துணியில் சுற்றி ஒரு மெழுகுதிரி அனுப்புகிறேன். நேற்றுத் திருநாளில் மந்திரித்தது. அது என்னுடையது அல்ல. என்னுடையதைக் கோவிலிலேயே எரித்துவிட்டேன். பூசை முடிந்து வெளியே வரும்போது கொலார் தடியை ஊன்றிக்கொண்டு வழியை மறித்தார். தன் திரியை அணைத்து என் கையில் திணித்தார். "அந்தக் கழுதக்காரன் ஓர்லியானுக்குத்தான போறான்?" என்றார். ஆமாம் என்றேன். "மரத்துல ஒரு எலை கூட இல்ல. நான்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அவர் கண்ணைத் துடைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

திரி பாதி எரிந்தது. மீதிப் பாதி பாலம் வரை தாங்கும் என்று பெரோன் சொல்கிறான். மே எட்டாந்தேதி பட்டறைக் கதவைத் திற. அண்ணா, சுவரைப் பார்த்தது போதும். அதை ஏற்றிக்கொண்டு எல்லோரோடும் நட. ஆண்டவரும் மாதாவும், என் வாயால் சொல்லக் கூடாத அந்த ஒருத்தியும் உன்னோடு நடக்கட்டும்.

உன் தங்கை,
அலிசோன்

இது அவள் கை போட்ட சிலுவைக் குறி: +